மீதி மூன்று

புத்தகத்தில் மாம்பழம் இருபத்தேழு.
பெட்டிக்கு எட்டு. எத்தனை பெட்டி வேண்டும்?
என் மகள் சதுர்சிகா எழுதியிருந்தாள்:
மூன்று, மீதி மூன்று.
ரீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டி
நான்கு என்று போட்டுவிட்டா.

அந்தக் கோபத்தோடுதான்
நிலாவெளிக் கரையில், கவிழ்த்துப்போட்ட வள்ளத்து நிழலில்
கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.
"வகுத்தா மூண்டுதானே வருது,
நாலு எங்கயிருந்து வந்தது?"
எனக்குத் தெரியாது.
நான் ஏழாம் வகுப்போடு கடலுக்கு வந்தவன்.

அந்த நேரம் ஹட்டன் பக்கத்து பஸ் ஒன்று வந்து நின்றது.
தேயிலைத் தோட்டத்து ஆட்கள்,
செருப்பைக் கையில் பிடித்தபடி
சுடுமணலில் துள்ளித் துள்ளி வந்தார்கள்.
புறாமலைக்குப் போகவேண்டுமாம்.
எண்ணினேன். இருபத்தேழு பேர்.
மகள் என்னைப் பார்த்தாள்.
நான் கடலைப் பார்த்தேன்.

"ஒம்பது ஒம்பதா ஏத்துங்கண்ணே," என்றார்
பஸ்காரர் மோகனராசு.
"மூணே தடவ. மிச்சம் மீதி ஒண்ணுமில்ல."
உண்மைதான். இவ்வளவு சுத்தமான கணக்கை
நான் பள்ளிக்கூடத்திலும் கண்டதில்லை.
மனம் ஓம் என்றது. வாய் திறக்கப் போனேன்.

மகள் எழும்பிப் போய்
மிதவைச் சட்டைகளை ஒவ்வொன்றாக மணலில் பரப்பினாள்.
செம்மஞ்சள். ஒன்றின் வார் அறுந்து நானே தைத்தது.
எட்டு.
ஒன்பதாவது இடத்தில்
தானே போய்ப் படுத்துக்கொண்டாள்,
வெறும் பள்ளிக்கூடச் சட்டையோடு, கண்ணை மூடிக்கொண்டு.
மோகனராசு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

எட்டு எட்டாக வரிசை பிரிந்தது.
வரிசைக்கு வெளியே
புதுத் தாலியோடு ஒரு பெண், அவள் புருசன்,
பயணப் பைமேல் குந்தியிருந்த ஒரு பொடியன்.
கடலை அன்றுதான் முதல் தரம் பார்க்கிறானாம்.

அந்த மூன்று பேரால் நட்டம் வரும் என்று
என் வயிறு சொன்னது.
எவ்வளவு என்று வயிற்றுக்குத் தெரியாது.

மகள் சோகிகளை அடுக்கினாள்.
"போக நாலு, வர நாலு, எட்டுத் தரம்.
இல்ல, ஏழு!
கடைசி ஆக்களை இறக்கிற வள்ளத்திலயே
முதல் போன ஆக்களை ஏத்தலாம்."
பன்னிரண்டு வருசமாக நான் அப்படித்தான் ஓடுகிறேன்.
அதற்கு ஒரு எண் இருப்பது அன்றுதான் தெரியும்.
"இவை மூண்டு பேரையும் விட்டா அஞ்சு தரம்தான்."
இரண்டு தரம் மிச்சம். தரத்துக்கு எண்ணெய் தொள்ளாயிரம்.
மூன்று பேரின் காசோ ஆயிரத்து இருநூறு.
"அறுநூறு நட்டம், அப்பா."

அவ்வளவுதான். சோகிகள் அதற்குமேல்
ஒன்றும் சொல்லவில்லை.
பொடியன் ஒரு காலை நனைத்துவிட்டு
ஓடிவந்து மறுபடி பைமேல் ஏறிக்கொண்டான்.
மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாலாம் தரத்துக்கு எஞ்சின் கயிற்றை இழுத்தேன்.
முதல் இழுவையில் அது பிடிக்கவில்லை,
வழக்கம்போல.

பின்னேரம், கச்சான் காற்று மணலை வாரத் தொடங்கியபோது
பஸ் போய்விட்டது.
மகள் இன்னும் வகுத்துக்கொண்டிருந்தாள்.
"ஆளுக்கு இருவத்திரெண்டு ரூபா கூடக் கேட்டிருக்கலாம்,
அறுநூறும் வந்திருக்கும்."
எட்டிப் பார்த்தேன். அடியில் மீதி ஆறு.
"அந்த ஆறு ரூபாயை ஆர் தாறது?"
பென்சிலைக் கடித்தாள்.
"அப்ப... இருவத்திமூண்டு கேக்கவேணும்."

சொன்ன வாய் மூடவில்லை,
கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டினாள்.
சிவப்பு நான்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
விரலால் ஒருக்கால் தடவியும் பார்த்தாள்.

கோபம் முழுதாக ஆறவில்லை.
"மாம்பழம் எண்டு கேட்டா
எப்பிடி அப்பா தெரியும்?" என்றாள்.