நாயைப் பிடியுங்கள்

"நாயைப் பிடியுங்கள்" என்றுதான்
உறுப்பினர் செவெல்மா தொடங்கினார்.
கூடாரத்தை நெருங்கும் எவரும் இந்நாட்டில்
வெளியே நின்று கொடுக்கும் குரல் அது.
நாய் இல்லாத வீட்டையும் அப்படித்தான் அழைப்போம்.
அவை சிரித்தது.
நான் அடைப்புக்குறிக்குள் எழுதினேன்: சிரிப்பு.

உலான்பாத்தரில் பிப்ரவரி.
காலை பத்து மணிக்கே சன்னலில் நிலக்கரி மாலை.
கேள்வி நேரத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்,
பிறகு ஒலிவாங்கி தானே அணைந்துவிடும்.
பத்தொன்பது ஆண்டுகளாக இங்கே சுருக்கெழுத்து எழுதுகிறேன்;
துண்டுச்சீட்டு இல்லாமல் எழுந்து நின்றவர்
இவர் ஒருவர்தான்.
முன்பு கால்நடை மருத்துவர்.
இன்னும் கைகளை
எதிலும் படாமல் தூக்கி வைத்திருக்கிறார்.

சொன்னார்:
பனிப் பஞ்சத்தில் மந்தை செத்தது.
ஆட்கள் நகரத்துக்கு லாரி ஏறினார்கள்.
லாரியில் அடுப்புக்கு இடமிருந்தது, நாய்க்கு இல்லை.
விட்டுப்போன நாய்கள் பள்ளி விடுதியில்
சமையற்கட்டுக்குப் பின்னால் கூடின.
தெமூலென், வயது ஏழு, முதல் வகுப்பு,
தன் ரொட்டியில் பாதியை நீட்டினான்.
புருவத்தில் பழுப்புப் பொட்டு வைத்த கறுப்பு நாய்,
நாலு கண் நாய் என்போமே, அது
ரொட்டியோடு கையையும் சேர்த்துக் கவ்வியது.

வட்டார மருத்துவமனைக் குளிர்பெட்டியில்
ஊசி மருந்து இரண்டு. வேண்டியது நான்கு.
மிச்சத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
மறுநாள் வந்தவர்கள் பதினெட்டு நாய்களைச் சுட்டார்கள்,
கணக்கு வகுப்பின் சன்னலுக்கு நேராக.
பிள்ளைகள் எண்ணினார்கள்.
ஆசிரியை பத்தொன்பது என்கிறார்.

நான் யாரைக் கேட்பது, என்று அவர்
மூன்று இருக்கைகளையும் பார்த்தபோது
ஒலிவாங்கி அணைந்தது.

கல்வி அமைச்சர்
விடுதிகளுக்கு ஒதுக்கிய தொகையை இருமுறை வாசித்தார்.
கடி விழுந்தது சுவருக்கு வெளியே என்றார்.
சுகாதார அமைச்சர்: மருந்து கையிருப்பில் உள்ளது.
எங்கே என்று யாரோ கேட்க, தலைநகரில்.
வேளாண் அமைச்சருக்குத் தயக்கமே இல்லை.
குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு.
மந்தை என்றால் ஐந்து. நாய் ஐந்தில் சேராது.

ஆராயப்படும். பரிசீலிக்கப்படும்.
ஆவன செய்யப்படும்.
எத்தனை படும்!
படுவது யார் என்று மட்டும்
எந்த வாக்கியத்திலும் இல்லை.
சுருக்கெழுத்தில் அதற்கு ஒரே கோடு,
கீழே இறங்கிச் சின்னதாய் வளையும்.
ஒரே பக்கத்தில் பதினொன்று போட்டேன்.

செவெல்மா உட்காரவில்லை.
அணைந்த ஒலிவாங்கிக்கு மேலாகவே கேட்டார்:
அந்த நாயின் தலையைச் சோதனைக்கு அனுப்பினீர்களா?
வெறி இருந்ததா இல்லையா, அது சொல்லியிருக்குமே.
குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு
மூடியாயிற்று என்றார்கள்.
நான் போய்ப் பார்த்தேன்.
மூடாத ஓரத்தில் ஒரு நீலப் பட்டுத்துணி கிடந்தது.
யாரோ ஆசையாய் ஒரு கழுத்தில் கட்டியது.

யாரும் எழவில்லை.
எழுத்துமூலமான பதில் முப்பது நாளுக்குள், என்றார் அவைத்தலைவர்.
அடுத்த கேள்வி நெடுஞ்சாலைச் சுங்கம் பற்றி.

மாலையில் அமைச்சகத்திலிருந்து தொலைபேசி,
குரலில் மீசை முளைக்காத ஒருவன்,
மரியாதையாகத்தான் பேசினான்:
அந்தச் சிரிப்பை எடுத்துவிடலாமே, அக்கா?

ஒலிவாங்கி இல்லாமல் கேட்ட கேள்வியை
எழுத எனக்கு அதிகாரமில்லை. அது விதி.
சிரிப்பை அழிக்கவும் அதிகாரமில்லை என்றேன்.
அதுவும் விதிதானா என்று கேட்டான்.
தேடிப் பார் என்று வைத்துவிட்டேன்.

பால் தேநீர் ஆறி, கோப்பையின் விளிம்பில்
உப்பு வெளுத்திருந்தது.
கடைசி ஊசி பதினான்காம் நாளில் போட வேண்டும்.
பக்கத்தின் மேலே தேதி எழுதினேன்,
அதன் கீழே, அச்சுக்குப் போகாத பென்சிலில்:
ஆறாம் நாள்.