இன்னும் எத்தனை வின்ரர்

போனிலேயே சொல்லியிருந்தேன்:
நாங்கள் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ணவேண்டாம்.
சூடான எஞ்சின் நன்றாகப் பொய் சொல்லும் என்று
காரில் வரும்போது கிருபைராசன் மூன்று தரம் சொல்லிவிட்டான்.

ஓஷாவா. பெப்ரவரிச் சனிக்கிழமை. மைனஸ் பதினாறு.
கையுறையைக் கழற்றி பொனற்றில் கை வைத்தேன்.
பிணத்தின் நெற்றி போல...
இல்லை, அந்த உவமையை வேலைக்கு வெளியே கொண்டுவரக்கூடாது.
குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

பீட்சாப் பெட்டியைப் பிய்த்துப் பனிமேல் விரித்து
கிருபைராசன் மல்லாந்து காருக்குக் கீழே போனான்.
வெளியே இரண்டு பூட்ஸ்.
உள்ளிருந்து குரல் மட்டும் தவணை முறையில் வந்தது:
"ரொக்கர் பனல் போச்சு."
"சப்ஃபிரேம்... ம். நிக்கும்."
"பிரேக் லைன் மாத்தியிருக்கு. ஆரோ அக்கறையான ஆள்."
எழும்பி வந்து ஒரு காந்தத்தைக் கதவோரம் ஓட்டினான்.
ஒட்டிக்கொண்டே வந்தது.
பின்சில்லுக்கு மேலே ஒரு சாண் இடத்தில்
பிடி விட்டுப் பனிக்குள் விழுந்தது.
அங்கே தகரமில்லை, பசையும் பெயின்றும்.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள்.
இந்த ஊரில் தின்பதே உப்புத்தான்,
வீதியெல்லாம் கொட்டி, நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை.

ஓயில் கோலை இழுத்து, துடைத்து, விட்டு, மறுபடி இழுத்தான்.
தேனுமில்லை, தாருமில்லை.
பிளேன்ரீ.
"இனி அடி" என்றான்.
ஒரு இருமல். பிறகு சீரான மூச்சு.
புகை வெள்ளை; நீலம் கலக்கவில்லை.
எழுபத்தைந்து கட்டில்களுக்கு நடுவே
இரவில் மூச்சுக் கேட்டு நடப்பது என் வேலை.
யாருக்கு இந்த வாரம், யாருக்கு அடுத்த கோடை என்று
ஒருவருக்கும் சொல்லாமல் கணக்குப் போடுவேன்.
பாதிக் கணக்குப் பிழைக்கும்.
ஆட்களும் பிழைப்பார்கள்.

மீற்றரில் 299,999.
இந்த மொடலில் சிலதுக்கு எண் இதோடு நின்றுவிடுமாம்.
கார் நிற்காது.

விற்கிறவர் பெயர் ஓரெஸ்ட்.
இதே ஊரில், வேறொரு கம்பனியின் கார்களுக்கு
முப்பத்தொரு வருஷம் கதவு பூட்டியவர்.
அதனால் இந்தக் கொறோலாவை
கராஜுக்குள் ஒளித்து வைத்து ஓடினாராம்.
டாஷ்போட்டுக்குள்ளிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தார்.
அடித்த பெற்றோல், லீற்றர், திகதி, ஓடிய தூரம்.
299,999க்குப் பிறகும் வரிகள் நிற்கவில்லை.
சின்ன மீற்றரைப் பார்த்துக் கூட்டிக் கூட்டி
பென்சிலால்: 300,412. 300,871.
கடைசி வரி 338,206.
சொல்லாமல் விற்றிருக்கலாம்.
முப்பத்தெட்டாயிரம் கிலோமீற்றரை
ஒரு மனிதர் கேட்காமலே ஒப்புக்கொண்டார்.

"எவ்வளவு காலம் ஓடும்?"
ஓரெஸ்ட் தோளைக் குலுக்கினார்.
முதுகுப் பனியைத் தட்டியபடி கிருபைராசன் கேட்டான்:
"உனக்கு எவ்வளவு காலம் வேணும்?"

நேர்சிங் சோதனை முடிய இரண்டு வருஷம்.
இரவு பத்தே முக்காலுக்கு
பஸ் வராத ஒரு தரிப்பிடம்.
இரண்டாயிரத்து நானூறு டொலரை
இருபத்துநாலால் பிரித்தால் மாதம் நூறு.
(சில்லு, பிரேக், இன்சூரன்ஸ் சேர்க்கவில்லை.
அதையெல்லாம் சேர்த்தால் யாரும் எதையும் வாங்கமாட்டார்கள்.)

"ரெண்டு வின்ரர் தாங்கும். மூண்டாவதுக்கு நான் வாக்குத் தரமாட்டன்."
எனக்கு இதுவரை எவரும்
இரண்டுக்கே வாக்குத் தந்ததில்லை.

புதன்கிழமை, பேப்பர் வேலை முடிந்து திரும்பும்போது
ஏஜாக்ஸில் பெற்றோல் அடித்தேன்.
கொப்பியில் செருகியிருந்த பென்சிலைக் காணோம்.
நீலப் பேனாவால், அவருடைய வரிக்குக் கீழே.
சின்ன மீற்றர் 231.
கூட்டினேன்.
நம்பாமல் விரல் விட்டு மறுபடி கூட்டும்போது
பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.