ஒன்றரை ஏக்கர் பூனை

அணைக்கரை மீன்கடையில்
தலைகள் மட்டும் போதும் என்றேன்.
குடல் இருந்தால் போடுங்கள், செதிலும்.
முனிரத்னம் கத்தியைத் துடைத்தபடி கேட்டார்:
எத்தனை பூனை வளர்க்கிற?
ஒன்றரை ஏக்கர், என்றேன்.

ராயக்கோட்டை பஸ்ஸில்
கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு
கடைசி சீட்டைக் காட்டினார்.
இரண்டு கவர், மேலே உரச்சாக்கு,
அதற்கும் மேலே என் பழைய சேலை.
எல்லாவற்றையும் தாண்டி வந்தது நாற்றம்.
இந்த மீனுக்கு ஜிலேபி என்று பேர் வைத்தவன்
மூன்றாம் நாள் இதை முகர்ந்திருக்க மாட்டான்.

மீன் எவ்வளவோ வெல்லம் அவ்வளவு.
மூடியை இறுக்கக் கூடாது,
உள்ளே இருப்பது மூச்சு விடும்.
முதல் வாரம் திம்மராயன்
சோற்றுத் தட்டோடு தெருவுக்குப் போனார்.
இருபத்து மூன்றாம் நாள் திறந்தேன்.
விரலில் தொட்டுக்கொண்டு போய்
தூங்குகிறவர் மூக்கின் கீழே நீட்டினேன்.
பலாப்பழமா, என்றார்
கண்ணைத் திறக்காமல்.

ஆனாலும் போர்வெல் பக்கம் நாலு சால்
தன் கணக்குக்கு என்று யூரியா போட்டார்.
மற்றதெல்லாம் எனக்கு:
டேங்குக்கு நூறு மில்லி,
வெயில் இறங்கின பிறகு.
உதிர்ந்த பூவை எண்ணி
காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்.
அவர் சாலில் இலை கருகருவென்று கொழுத்தது,
அசுவிணியும் கூடவே கொழுத்தது.
என்னுடையதில் இலை சின்னது,
காம்பு விறைப்பு,
பூ நின்றது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஒருநாள் டேங்கை மட்டும்
அவரே முதுகில் மாட்டிக்கொண்டார்.

பாலக்கோடு மண்டியில் பெட்டி எழுபது.
எது அவர் சால், எது என் சால்
யாரும் கேட்கவில்லை.
கமிஷன், கூலி, வண்டி வாடகை போக
கொடுத்ததை எண்ணாமலே மடித்தேன்.
உரக்கடை நோட்டில் எங்கள் பக்கம்
இந்த முறை
நாலு சாலுக்கு மேல் நீளவில்லை.
அதை அவர் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார்.

மறுபடி அணைக்குப் போனால்
எனக்கு முன்னால் மூன்று பேர்.
கெலமங்கலத்துக்காரி ஒருத்தி
தெலுங்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தாள்,
பக்கத்தில் வெறும் டிரம்.
கிலோ பதினைந்து, என்றார் முனிரத்னம்,
என் முகத்தைப் பார்க்காமல்.

மீன்தலைக்கு விலை வந்துவிட்டது.

நாலு கிலோவுக்குக் கொடுத்தேன்.
பஸ் வந்ததும்
கண்டக்டர் கை நீட்டும் முன்பே
கடைசி சீட்டுக்குப் போனேன்.