குழிக்குள் இறங்கும் முறை

அட்டவணையில் 'தொழில் நாள்' என்று போட்டிருந்தது.
காலை எட்டரைக்கு எங்களைப் பிரித்தார்கள்:
தமயந்தி பல் மருத்துவமனைக்கு,
ஜெய்னுலாபுதீன் கட்டட வரைவகத்துக்கு,
வங்கிக்காரர் இருவரும் ஷென்டன் வேக்கு, டையோடு.
சேலத்து மின்தூக்கி ஆய்வாளன் என்னைத்
தோ பாயோவில் ஓர் அடுக்குமாடியின் கீழே
ரோஸ்லியிடம் ஒப்படைத்துவிட்டு
வேன் போய்விட்டது.

லிஃப்ட் வாசலில் நான்கு மொழியில் அறிவிப்பு.
கடைசி வரி நம்முடையது:
மின்தூக்கி பழுதுபார்க்கப்படுகிறது.
ஊரில் என் பெயர்ப்பலகை தவிர
வேறெங்கும் உயிரோடு பார்த்திராத சொல்.
கீரைக்கட்டோடு வந்த சீனப் பெண்மணி
தன் வரியைப் படித்துவிட்டு
எங்களை முறைத்தபடி படியேறினார்.

ரோஸ்லி முதலில் கேட்டது என் கால் அளவு.
எட்டு என்றேன். பத்துதான் இருந்தது.
குனிந்து, பள்ளிப் பிள்ளைக்குக் கட்டுவதுபோல்
நாடாவை அவரே இறுக்கிக் கட்டினார்.

எத்தனை லிஃப்ட் உங்களுக்கு?
மாவட்டத்தில் ஆயிரத்து இருநூறு.
எத்தனை ஆட்கள்?
நான். அப்புறம் ஒருவர், மருத்துவ விடுப்பில்.
அவர் சிரிப்பாரென்று காத்திருந்தேன்.
சிரித்திருந்தால் நானும் சிரித்திருக்கலாம்.

முதலில் சிவப்புப் பொத்தான்.
அழுத்திவிட்டு, நிற்கிறதா என்று
ஓட்டிப் பார்க்க வேண்டும். நிற்கிறது.
பிறகு பூட்டு. பிறகு விளக்கு. ஏணி கடைசி.
பூட்டின் சாவியை என் சட்டைப்பையில் போட்டார்.
இறங்குகிறவன் பையில்தான் சாவி.
மேலே முதலாளியே வந்து நின்றாலும்
நீ ஏறும்வரை இது நகராது.

உலர்ந்த குழி. பெருக்கிய தரை.
மேலிருந்து விழுந்தவற்றைப் பொறுக்கினோம்:
ஒரு மாஜாங் கட்டை,
வாடகை வீட்டுச் சாவி, குழந்தையின் ஒற்றைக் காலுறை,
எரிந்து மிஞ்சிய காகிதப் பணம்.
தபால் பெட்டிகள்மேல் வைத்துவிட்டால்
உரியவர் எடுத்துக்கொள்வாராம்.

பதினோரு வருடத்தில் எத்தனை குழிக்குள்
இறங்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.
ஒரு கை விரலே அதிகம்.
கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவார்கள்,
மோர் வரும், பதிவேடு வரும்,
வாசலில் நின்றே டார்ச் அடித்தால்
அடியில் கொஞ்சம் தண்ணீர் மின்னும்.
'நிறுத்துவிசை: செயல்படுகிறது.'
கையெழுத்து, முத்திரை.

ஓமலூர் சாலை ஜவுளிக்கடை. ஆடித் தள்ளுபடி.
பில் புத்தகம் விழுந்துவிட்டதென்று
சரக்கு லிஃப்டின் குழிக்குள் இறங்கிய குணாளன்
பொட்டலம் மடிக்கிற பையன்.
பொத்தானை அவன் அழுத்தித்தான் இருந்தான்.
அழுக்கு விரல்தடம் பதிந்திருந்தது.
விசாரணை அறிக்கை: இறந்தவரின் கவனக்குறைவு.
அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்தவர்
வாக்கியத்தின் முடிவில் இரண்டு புள்ளி வைத்திருந்தார்.

உங்கள் ஊரில் விபத்து உண்டா?
ரோஸ்லி சும்மாதான் கேட்டார்,
துணியில் கை துடைத்துக்கொண்டே.
தலைக்கு மேல் பன்னிரண்டு மாடி இருட்டு.
நோ, என்றேன். ஆங்கிலத்தில் சொல்வது சுலபமாக இருந்தது.
குட், என்று தண்டவாளத்தை இரண்டு முறை தட்டினார்.
அந்த ஒலி மேலே போய்த் திரும்பி வர
நேரம் எடுத்தது.

இரவு உணவங்காடியில் ஒப்பீடு நடந்தது.
அங்கே நாற்காலியே நாற்பதாயிரம் வெள்ளி, தமயந்தி.
வரிசையே கிடையாது, வங்கிக்காரர்கள்.
ஜெய்னுலாபுதீன் ஒரு ஜன்னலைப் பற்றியே
மீன் ஆறும்வரை பேசினார்.
உன் வேலையில் என்னப்பா வித்தியாசம்?
படிவம் இருக்கிறது, வேறுபாடு என்ற இடத்தில்
எட்டு வரி விட்டிருக்கிறார்கள்.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்,
அது நன்றாக நினைவிருக்கிறது.
மேசைக்கடியில் கால் நீட்டியபோதுதான் பார்த்தேன்:
ரோஸ்லியின் பத்தாம் எண் காலணி.
என்னுடையது லிஃப்ட் வாசலிலேயே கிடக்கும்,
அல்லது இந்நேரம்
தபால் பெட்டிகள்மேல்.
நாடாவை இழுத்துப் பார்க்கிறேன்.
எந்த முனையை இழுத்தாலும் இன்னும் இறுகுகிறது.