நாலொன்பது முப்பத்தாறு

நாளுக்கு நாலு பேர் வருகினம்,
ஆளுக்கு ஒன்பது நாள்.
நாலொன்பது முப்பத்தாறு
என்று பணிப்பாளர் எழும்பிவிட்டார்.

இல்லை ஐயா,
நாலு பேர் நாலு நாலாய் வரமாட்டினம்.
திங்கள் ஒருத்தரும் இல்லை;
செவ்வாய் குருநகரிலிருந்து ஒரு வீடே வரும்.
நாற்பத்தெட்டு வேணும்.
அப்பவும் நூற்றில் ஒருவர்
வாசலால் திரும்புவார்.

"பன்னிரண்டு கட்டிலைச் சும்மா விரிச்சு வைக்கவோ?"

பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும்
வரிசையில் நின்றே வளர்ந்த ஊர்.
சும்மா கிடக்கும் இடம்
எங்களுக்குப் பொறுக்காது.

கிடைத்தது நாற்பத்தொன்று.

மூன்றாம் கிழமை
வரிசை தானாய்க் குறைந்தது.
ஒன்பது நாள் ஆறாகியிருந்தது.
கணக்கு வென்றதென்று நினைத்து
விடுதிக்கு ஓடினேன்.

தாதி கனகேஸ்வரி
ஒன்றும் சொல்லாமல் பதிவேட்டைத் திருப்பினா.
இருபத்தேழாம் கட்டில், மரியநாயகம், இரண்டு நாள்.
விரிப்பு மாற்றியாச்சு.

என் சமன்பாட்டில்
வெளியேற ஒரே எழுத்து,
நடந்து போனவருக்கும்
மூடிக் கொண்டுபோனவருக்கும்.

இரவு அதை இரண்டாய்ப் பிரித்து
மறுபடி போட்டுப் பார்த்தேன்.
விடை அதேதான்.

கீழே ஓட்டோ நின்ற சத்தம்.
இன்றைக்கு ஆறாவது.