பின் இருக்கை

நாளை எனக்குப் பின் இருக்கை.
முன்னால் நிற்கப்போவது ராய்ஸ் ஹ்யூலட்.
மோட்டாரை மிதிக்கும் கால் அவருடையது;
எந்தக் கரை, எந்த மூழ்கிய மரம், எத்தனை நிமிடம்
எல்லாம் அந்தக் கால் சொல்லும்.
அவர் அலசி முடித்த தண்ணீரில்
நான் வீச வேண்டும்.
அதற்கு ஐந்து கோல், ஒரு பை.
போட்டி விதி அவ்வளவுதான்.

மோட்டல் கட்டிலில் ஏழு கோல் படுத்திருக்கின்றன.
நான் நாற்காலியில்.

கனத்த கோல்,
புல்லுக்குள் புகுந்த மீனைப் புல்லோடு பிடுங்க
போன வருஷம் கடன் அட்டையில் வாங்கியது.
மார்ச் முதல் வாரம். கென்டக்கியில்
புல் இன்னும் தலைகாட்டியிருக்காது.
வண்டிக்குப் போ.

கண்ணாடியிழைக் கோல் கொஞ்சம் மந்தம்.
அந்த மந்தத்துக்குத்தான் விலை.
முங்கி ஓடும் இரையை மீன் கவ்வியதும்
நான் பதறி இழுப்பேன்,
அது பதறாது;
வளைந்து கொடுத்து, மீன் வாயை மூடும்வரை பொறுத்து,
அப்புறம்தான் இழுக்கும்.
எங்கள் வார்டில் இப்படி ஒருத்தி இருந்தால்
ராத்திரி பாதி நீளம்தான் இருக்கும்.
நீ வா.

ரீல் இரண்டு.
ஒரு சுற்றுக்கு எட்டு முறை உருள்வது ஒன்று,
ஐந்து முறை உருள்வது மற்றது.
தண்ணீர் ஐம்பத்திரண்டு டிகிரி;
மீனுக்கு எந்த அவசரமும் இல்லை.
அவசரம் என் மணிக்கட்டில் இருக்கிறது,
பதினோரு வருஷ இரவுப்பணி
அங்கேதான் குடியிருக்கிறது.
ஐந்தை மாட்டித் திருகினேன்.

நிறம்.
ஸ்பிராட்லின் கடைச் சுவரில்
சிவப்பு மட்டும் பதினான்கு வகை தொங்கியது.
நான்கு வாங்கினேன், கேட்டால் இரண்டு என்பேன்.
மோட்டல் ஐஸ் வாளியில் ஏரியை மொண்டு வந்து
ஒவ்வொன்றாய் இறக்கிப் பார்த்தேன்.
மழைக் கலங்கல்.
மூன்று விரல் ஆழத்தில்
செங்கல், மிளகாய், நண்டு, துரு
நான்கும் ஒரே தேநீர்க்கறை.

கடைசியில் அந்தச் சின்னது.
காளான் தலை ஈயம், சுண்டுவிரல் நீளப் புழு,
எட்டு பவுண்டு நரம்பு.
நோயாளிகள் கையில் நான் இருட்டில் தடவித் தேடும் நரம்பே
இதைவிடத் தடிமன்.
இதைக் கண்டால் படகுத்துறையில் சிரிப்பார்கள்.
எடுத்தேன், வைத்தேன்,
பல் துலக்கிவிட்டு வந்து எடுத்தேன்.

*

ராய்ஸின் படகில் பதினெட்டுக் கோல்
பட்டை போட்டுக் கட்டியிருந்தன,
பள்ளிப் பேருந்துக் குழந்தைகள்போல.
"ஏதாவது மாட்டினால் சொல்லும்மா" என்றார்.

மூன்றாவது வீச்சில் சொன்னேன்.
ஒன்பது மணிக்கு இன்னொரு முறை.
பதினொன்றரைக்கு அவராகவே கேட்டார்:
"அது என்ன நிறம்?"
மென்று துப்பிய புழுவைத் தூக்கிப் பார்த்தேன்.
"ஐஸ் வாளி நிறம்."
அவர் மூன்றாவது பெட்டியைத் திறந்து
வெகுநேரம் தேடினார்.

இரண்டு மணிக்கு ஒரு குடாவுக்குள் திரும்பினோம்.
தெற்கு வெயில் நாளெல்லாம் விழும் மூலை.
சேறு மணத்தது. வேறு ஏதோவும் மணத்தது,
அறுத்த வெள்ளரிபோல.
எட்டிப் பார்த்தேன்.

புல்.
முழங்கால் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று,
யாரையும் கேட்காமல்.

கனத்த கோல் வண்டியில், பின் சீட்டில்,
கம்பளிக்கு அடியில் தூங்கியது.

சின்னதைத்தான் வீசினேன்.
வேறென்ன செய்ய?
விழுந்த இடத்தில் புல் ஒருமுறை விலகியது.
கோல் அடிக்கட்டைவரை வளைந்தது.
கேட்டுத் திறக்கிற மாதிரி ஒரு வாய்
மேலே வந்து,
தலையை இருமுறை ஆட்டி,
மறுத்துவிட்டு,
புல்லுக்குள் போயிற்று.

நரம்பு காற்றில் மிதந்து வந்து
என் முகத்தில் ஒட்டியது.

ராய்ஸ் திரும்பவில்லை.
"எத்தனை பவுண்டு இருக்கும்?"

"சரியாப் பார்க்கலை" என்றேன்.

பார்த்தேன்.