நான்கு கிலோ

பல்செட்டும் விமானக் கண்ணாடியும்
ஒரே சாமான் என்றால் யாரும் நம்புவதில்லை.
ஜெலுத்தோங் பட்டறையில்
நான் ரோஜா நிறத்தில் அரைப்பதைத்தான்
பாயான் லெப்பாஸ் கொட்டகையில்
நிறமில்லாமல் வளைத்துக்
காற்றுக்கு எதிரே நிறுத்துகிறார்கள்.
அக்ரிலிக்.
ஈறாக இருந்தால் முறுக்கைத் தாங்க வேண்டும்.
முகப்பாக இருந்தால்
மணிக்கு நூற்றெழுபது கிலோமீட்டரை.

தைப்பூசத்துக்கு மறுநாள்
பாலிக் புலாவ் வயல்களுக்கு மேலே
ஒரு செம்பருந்து.
கோயில் கலசத்துக்கு மேல் அது வட்டமிட்டால்
கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கை
அன்று ஸ்டிக்கை விடவில்லை.
இடது மூலையில் மோதி
ஒரு சிறகை மட்டும் ஒட்டவைத்துவிட்டுப் போனது.
மூன்று மில்லிமீட்டர் கண்ணாடியில் ஒரு விரிசல்
ஓரத்திலிருந்து கிளம்பி
என் கண்மட்டம் வரை வந்து
நின்று யோசித்தது.
சக்கரம் தரை தொடும் வரை
பதினொரு நிமிடம் யோசித்தது.

இப்போது மேசைமேல் மூன்று துண்டுகள்:
மூன்று, நாலரை, ஆறு.
சுண்டிப் பார்த்தோம்.
மூன்று நகம்போலச் சிணுங்கியது.
ஆறு, வீட்டில் யாரோ இருக்கிற கதவு.

கெங் ஹுவாட்,
விமானத்தின் மற்றப் பாதிக்குச் சொந்தக்காரர்,
கோப்பிக்கடை ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டார்.
மூன்றுக்கு நாலு கிலோ. ஆறுக்கு எட்டு.
கூடுதல் நாலு கிலோ என்றால்
ஐந்தரை லிட்டர் எண்ணெய்.
ஐந்தரை லிட்டர் என்றால்
கால் மணி நேர வானம்.
விலை வித்தியாசம் முந்நூறு வெள்ளி
என்பதை அவர் எழுதவே இல்லை.
வானத்துக்குத்தான் அடிக்கோடு போட்டார்.

"ஆறு போட்டால் பருந்து நிற்குமா?"
மெக்கானிக் சுக்தேவிடம் கேட்டேன்.
"நேராக வந்தால் நிற்காது, அக்கா.
அது பெரிய விமானத்துக் கண்ணாடி.
உங்களுடையது மழைக்கோட்டு."
"அப்புறம் எதற்கு ஆறு?"
"இரைச்சல் குறையும். வேகத்தில் உள்ளே வளையாது."
கையை எண்ணெய்த் துணியில் துடைத்தார்,
ஏற்கெனவே துடைத்த கையை.
"அப்புறம், நீங்கள் மறுபடி ஓட்டுவீர்கள்."

ஆறு மாதம்.
பறப்புப் புத்தகத்தில் என் கையெழுத்து இல்லை.
ஒவ்வொரு ஞாயிறும்
யாரோ ஒருவருடைய கடைவாய்ப்பல் அவசரமாக இருந்தது.

ஆறு என்றேன்.
சட்டத்தின் பள்ளம் நாலரைக்குத்தான் வெட்டியிருக்கிறது,
ஓரமெல்லாம் இழைக்க வேண்டும் என்றார்.
இழைப்பது என் பிழைப்பு என்றேன்.

விமானத்தைக் காலி செய்தோம்.
இருக்கைக்கு அடியிலிருந்து
ஒரு குடை, இரண்டு எண்ணெய்ப் போத்தல்,
எந்த விமானத்துக்கும் பொருந்தாத ஒரு ஸ்பானர்,
லங்காவி போனபோது வாங்கி
யாருக்கும் கொடுக்காத பீங்கான் ஆமை.
மீன் தராசில் வைத்தோம்: இரண்டு அறுநூறு.
மிச்சம் ஒன்று நானூறு.
கெங் ஹுவாட் தன் வயிற்றைப் பார்த்தார்.
நான் என்னுடையதைப் பார்க்கவில்லை.

ஒன்பது இரவு இழைத்தேன்.
அக்ரிலிக் கீறலை மறக்காது.
இன்று விட்ட சின்னப் பல்,
என்றோ ஒரு குளிர்ந்த உயரத்தில் வாய் திறக்கும்.
துளை போடும்போது
அவசரப்பட்டால் உருகும், அழுத்தினால் உடையும்.
ஸ்பிரிட்டால் துடைத்தால் நரம்பு நரம்பாக வெடிக்கும்.
இதையெல்லாம்
எத்தனை கிழவர்களின் மேல்வரிசை எனக்குச் சொல்லியிருக்கிறது.

ஆவணி ஞாயிறு.
தெலுக் கும்பார் பக்கம் மழை.
துளிகள் கீழே வழியவில்லை,
என் முகத்துக்கு நேரே விழுந்து
மேல்நோக்கி ஏறி ஓடின.
ஆறு மில்லிமீட்டருக்கு அந்தப் பக்கம்
எல்லாமே கொஞ்சம் மெதுவாகக் கத்தியது.
எண்ணெய் முள்ளைக் கெங் ஹுவாட் கவனித்துக்கொண்டார்.
ஐந்து நிமிடம் முன்னதாகத் திரும்பினோம்.

திரும்பும்போது, தூரத்தில்,
மலைச்சரிவை ஒட்டி ஒன்று வட்டமிட்டது.
ஒரு கையை மட்டும் ஸ்டிக்கிலிருந்து எடுத்துக்
கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.
"கொசுவா?" என்றார் கெங் ஹுவாட்.